கடலுக்கு மதில் எழுப்புவோர்

ஆண்டுக்கொரு முறை நண்பர்கள் கூடி இரண்டு நாள் வெளியூரில் தங்கி இலக்கியம் பேசுவது எங்கள் வழக்கம். இவ்வாண்டுக்கான பொருள் நெய்தல் என்று முன்பே முடிவாகியிருந்தது. எங்கே கூடுவது என்று தீர்மானிக்கத்தான் சென்ற மாதம் மாடம்பாக்கத்தில் நண்பரொருவர் வீட்டு மொட்டைமாடியில் சேர்ந்தோம். காபி ஆறுவதற்குள் ஒருவர் பையிலிருந்து வழவழப்பான விளம்பரத் தாளொன்றை எடுத்து விரித்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. நீலக் குளம், தென்னைமரங்கள், ஓலைக்கூரை வேய்ந்த மதுக்கூடம், கீழே கொட்டை எழுத்தில் ‘தனியார் கடற்கரை’. "நம்ம ஊர் கான்கூன் சார் இது" என்றார். அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து மெக்ஸிகோவின் அக்கடற்கரைக்குப் போய்வந்து அனுப்பிய படங்களும் கைக்குக் கை மாறின. பாதிப் பேர் அப்போதே மனத்தளவில் பெட்டி கட்டிவிட்டார்கள்.

அந்த மாலையின் வாக்குவாதத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. எம் நண்பரைக் குறைசொல்வது நோக்கமன்று. அந்தத் தாளைப் பார்த்ததும் எங்களுள்ளும் ஓர் ஆசை அசைந்ததை மறைப்பதற்கில்லை. அந்த ஆசையோடுதான் எம் சண்டை.

முதலில் ‘தனியார் கடற்கரை’ என்ற சொற்றொடர். இந்தியாவில் அப்படி ஒரு பொருளே இல்லை. அலையேறி இறங்கும் மணல் எவர் பட்டாவிலும் அடங்காது. கடற்கரை, ஓடும் நீர், காடு ஆகியவற்றை மக்கள் சார்பில் அறங்காவலராகவே அரசு வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் நிலைநாட்டியது. அவ்வழக்கு எழுந்ததே இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஓர் உல்லாச விடுதியை முன்னிட்டு என்பது கவனிக்கத்தக்கது. ஆக, விற்பவன் தனக்கு உரிமையில்லாததை விற்கிறான். வாங்குகிறவரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

கான்கூன் என்ற உவமைக்கு வருவோம். உவமை சொன்ன நண்பர் அறிந்ததைவிட அது பொருத்தமானது. கான்கூன் தானாக வளர்ந்த ஊரன்று. மெக்ஸிகோவின் மத்திய வங்கி அந்நியச் செலாவணி ஈட்டுவதற்கென 1960-களின் இறுதியில் இடந்தேடி, ஏறத்தாழ ஆளற்ற ஒரு மணல்திட்டைத் தேர்ந்தது. 1970-இல் பணி தொடங்கியது. 1974-இல் முதல் விடுதிகள் திறந்தன. திட்டிலே விடுதிகள், உள்நிலத்திலே விடுதிகளில் உழைப்போருக்கான ஊர் என்று வரைபடத்திலேயே இருவேறு உலகங்கள் பிரிக்கப்பட்டன. 2005 அக்டோபரில் வில்மா புயல் அந்தக் கரையின் மணலை வாரிக்கொண்டு போயிற்று. பிறகு கடலடியிலிருந்து மணலை உறிஞ்சியெடுத்துக் கொட்டிக் கரையை மறுபடி ‘செய்தார்கள்’. சுற்றுலாத் தாள்களில் இந்தக் கதை இராது. இராத இன்னொன்றும் உண்டு. கரை பொதுச்சொத்து என்று சட்டமிருந்தும் விடுதிகள் வழியை அடைத்துவந்ததால், அடைப்போருக்குத் தண்டம் விதிக்க 2020-இல் அந்நாடு சட்டத்தையே திருத்த நேர்ந்தது. நாம் பொறாமைப்படும் ஊரிலேயே மக்கள் தங்கள் கடலைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே நடப்பதென்ன? எங்களில் இருவர் விடுதியை நேரில் பார்த்துவர அனுப்பப்பட்டோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே அக்கரையை அடைந்து தெற்கே திரும்பினோம். விடுதியின் வரவேற்பறையில் இளநீர் தந்தார்கள். அதை ஒட்டியே ஒரு மீனவக் குப்பம். இடையில் இரண்டாள் உயர மதில். மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாளிடம் கடலுக்கு வழி கேட்டோம். "இப்டி போவ முடியாது தம்பி. செவுரு வெச்சுட்டாங்க. சுத்திக்கினுதான் போவணும்" என்றார். புகாராகக்கூடச் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அது பழகிவிட்டது அவருக்கு. நமக்கும் பழகிவிட்டது என்பதுதான் எங்களைச் சுட்டது.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாதென்றது. 2019 ஜனவரி அறிவிக்கையோ சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் அந்த 200-ஐ 50 ஆகக் குறைக்க வழிசெய்தது. இடையில் 2004 டிசம்பர் 26. தமிழகத்தில் ஏறத்தாழ 8000 உயிர்களைக் கடல் கொண்டது. அடுத்த மார்ச்சில் வந்த அரசாணை, 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் புதுவீடு வேண்டுமானால் அப்பால் சென்று பெற்றுக்கொண்டு பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. பாதுகாப்பு கருதிய ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடல் அபாயமானது என்று மீனவனிடம் சொல்லும் அதே காலம், கடலைப் பார்த்த அறை என்று நம்மிடம் கூடுதல் வாடகை வாங்குகிறது. அபாயம் ஒருவனுக்கு, காட்சி இன்னொருவனுக்கு. இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

மனிதர் மட்டுமா? ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. பொரிந்து வரும் குஞ்சு, கடல்மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கியே நடக்கும். கரையில் விளக்குகள் எரிந்தால் அது திசைமாறி நிலத்தை நோக்கிப் போய் மடிகிறது. அதனால்தான் 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவிரவாக நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறார்கள். விடுதியின் ஓலைக்கூரைக்கடியில் எரியும் அந்த அழகிய விளக்குச் சரத்தின் மறுபக்கம் இது.

இனி இலக்கியம் படிக்கிற நமக்கு வருவோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலையும் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’வையும் முன்வைத்து இரண்டு நாள் பேசுவதாகத் திட்டம். முன்னதில் வல்லத்துக்கும் விசைப்படகுக்குமான பூசல் ஓர் ஊரையே பிளக்கிறது. பின்னதில் பரதவர் மூன்று தலைமுறையாகக் கடலோடு மல்லுக்கு நிற்கிறார்கள். இவற்றைக் குளிரூட்டிய அறையில், பரதவர் வராதபடி மதில் எழுப்பிய வளாகத்தில், கட்டணத்தில் அடங்கிய மதிய உணவுக்குப் பின் அலசுவது என்றால் அதற்கு என்ன பெயர்? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொல்கிறது. நாமோ இரக்கத்தைக்கூட அறைவாடகையோடு சேர்த்துப் பெற்றுக்கொள்ளப் பார்க்கிறோம்.

மாடம்பாக்கம் ஏரிக்கரையும், தூங்கானை மாடக் கருவறை கொண்ட தேனுபுரீசுவரர் கோயிலும் அறிந்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம். நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்ற பெயர்களை அகப்பொருள் இலக்கணங்கள் வகுத்தன. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருந்தும் நம் ஊர்ப் பெயரில் அந்தப் ‘பாக்கம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் பெயரில் நெய்தலை வைத்துக்கொண்டு, கடலோரத்தில் அன்னிய தேசத்துப் பயணிபோல் மணிக்கட்டில் விடுதியின் நாடா கட்டி நடப்பது நமக்கு அழகா?

மறுப்பு ஒன்று உண்டு. அன்று மாடியிலும் எழுந்தது. "விடுதி வந்தால் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குத்தானே வேலை?" நியாயமான கேள்வி. கடலில் மீன் குறைந்துவரும் காலத்தில் மாதச் சம்பளத்தை இகழ எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் கோவளத்தைப் பாருங்கள். அங்கே மீனவ இளைஞர்கள் தாங்களே அலைச்சறுக்கு பயின்று, வருவோருக்கும் கற்றுத்தருகிறார்கள். 2013-இல் அங்கே அலைச்சறுக்கு விழாவும் தொடங்கியது. அங்கே போகிறவர் மாணவர். கடலை அறிந்தவன் ஆசிரியன். காசு கைமாறுகிறது, மரியாதையும் கைமாறுகிறது. அதே பையன் மதிலுக்குள் துவாலை மடித்துக் கொடுக்கிறபோது முதலாவது மட்டும் நடக்கிறது. நாம் எதிர்ப்பது சுற்றுலாவை அன்று, மதிலை.

ஓய்வு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. மின்ரயிலிலும் வேளச்சேரிச் சாலை நெரிசலிலும் ஆறு நாளைக் கழிப்பவர் ஏழாம் நாள் கடலைப் பார்க்க ஏங்குவது இயற்கை. பாருங்கள். பேருந்தேறிப் போய், ஊர்வழியே நடந்து, கட்டுமரங்களைத் தாண்டிப் பாருங்கள். மணலில் கண்ணாடிச் சில்லும் வலைக்கழிவும் கிடக்கலாம். கருவாடு மணக்கும். அந்த மணம் பிடிக்கவில்லையென்றால் நமக்குப் பிடித்தது கடலன்று, கடல்போல் ஒன்று என்று அறிந்துகொள்ள அது உதவும். விடுதியில் தங்கியே ஆகவேண்டுமென்றால் வரவேற்பறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பக்கத்து ஊர்க்காரர்கள் கடலுக்குப் போக வழி எது?" பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லப் பழகுவார்கள்.

எங்கள் சந்திப்பு மாமல்லபுரத்தில், பேருந்து நிலையத்தருகே ஒரு சாதாரணத் தங்கும் இல்லத்தில் நடக்கும். கடற்கரையில் ரசிகமணியோடு அமர்ந்திருந்த வேளையில்தான் ‘சிவகாமியின் சபதம்’ மனத்தில் உருவானதாகக் கல்கி சொன்ன ஊர் அது. அவர் உட்கார்ந்த மணலுக்கு யாரும் கட்டணம் கேட்டிருக்கமாட்டார்கள். விளம்பரத் தாள் கொண்டுவந்த நண்பரும் வருகிறார். முதல் அமர்வைத் தொடங்கிவைக்க அவரைத்தான் கேட்டிருக்கிறோம்.