இரண்டாம் டிகாக்ஷன்

சிக்கனத்தைப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. மாதக் கடைசியில் வீட்டுப் பணத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் விடுதி மாணவன் எவனும் சிக்கனத்தைப் பழிக்கமாட்டான். ஒருமுறை வடித்த தேயிலையில் மறுமுறையும் வெந்நீர் ஊற்றலாமா? இதுதான் கேள்வி. 'சீச்சீ!' என்பர் ஒரு சாரார். 'அதனால் என்ன குடி முழுகிவிடும்?' என்பர் மறு சாரார். இரு சாராருமே சற்று அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சீன நாட்டின் ஃபூஜியன் மாநிலத்தைப் பாருங்கள். நூறு மில்லி கொள்ளும் சின்னஞ்சிறு மண் கூஜாவில் ஐந்தாறு கிராம் ஊலாங் தேயிலையை இட்டு, வெந்நீர் ஊற்றி, அரை நிமிடத்துக்குள் வடித்துவிடுகிறார்கள். பிறகு மீண்டும் வெந்நீர், மீண்டும் வடிப்பு. இப்படி ஐந்தாறு தடவை! சுருண்டு கிடக்கும் முழு இலை, ஒவ்வொரு நீருக்கும் சிறிது விரிந்து, சிறிது சாரம் விடுகிறது. அங்கே இரண்டாம் நீர் இழிவன்று; முதல் நீரைவிட அதுவே மேல் என்று சுவைப்பாரும் உண்டு.

நம் விடுதி அடுப்பில் கொதிப்பதோ வேறு சரக்கு. 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய சி.டி.சி. முறை, இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக உருட்டிவிடுகிறது. இந்தியத் தேயிலையில் பெரும்பங்கு இன்று இவ்வகையே. குருணை தன் நிறத்தையும் மணத்தையும் முதற் கொதியிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். மறு கொதியில் மிஞ்சுவது வெறுந் துவர்ப்பு. பாலும் சீனியும் சேர்ந்து கொதித்த சக்கையை இரவெல்லாம் வைத்திருந்தால் கெட்டும் போகும். ஆகவே, முழு இலைக்கு ஒரு நீதி, தூளுக்கு ஒரு நீதி.

இது சமையற்கட்டு சாத்திரம். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நம் வீடுகளில் காப்பிக்கு முதல் டிகாக்ஷன், இரண்டாம் டிகாக்ஷன் என்று உண்டல்லவா? முதலாவது யாருக்கு? அப்பாவுக்கும் விருந்தாளிக்கும். இரண்டாவது? அம்மாவுக்கும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கும். இந்த வழக்கத்தை நாம் ஊரிலேயே விட்டுவிட்டு ரயிலேறினோம் என்று நம்பியிருந்தேன்.

சென்ற பொங்கல் விழாவில் தேநீர்ப் பொறுப்பு என்னுடையது. சபையோர் அனைவருக்கும் கொடுத்து முடித்தபோது தூள் தீர்ந்துவிட்டது. நாற்காலி அடுக்கிய இருவரும், மண்டபம் கூட்டும் பெரியவரும் எஞ்சியிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? சக்கையில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். பெரியவர் ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டு, 'அச்சா ஹை, பையா' என்றார். என் முகம் வாடக்கூடாதென்று அவர் சொன்ன பொய் அது.

பயன்படுத்திய தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி விற்கும் வணிகர்கள் உண்டு. நனைத்த வெள்ளை வடிதாளில் தூளைத் தூவினால், ஏற்றிய சாயம் உடனே கறைவிட்டுக் காட்டிக்கொடுக்கும். அது கலப்படம், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. என்னை எந்தச் சட்டமும் தொடாது. ஆனால், சக்கையைச் சரக்கென்று நீட்டியதில் அந்த வணிகருக்கும் எனக்கும் என்ன வேற்றுமை? அவர் சாயத்தால் மறைத்தார். நான் சீனியால் மறைத்தேன்.

நண்பர்களே, உங்கள் அறையில் நீலகிரி முழு இலையை வாங்கி வைத்து, இரண்டு முறையன்று, மூன்று முறை வடித்துக் குடியுங்கள். அறிந்து குடிப்பவனுக்கு அதில் குறைவில்லை. பலர் கூடும் இடத்தில் மட்டும் ஒரே பாத்திரம், ஒரே தேநீர் என்று நம் சங்கம் தீர்மானிக்கட்டும். தூள் போதாவிட்டால் எல்லோருக்கும் அரைக் கோப்பை. தலைவருக்கும் அரைக் கோப்பைதான்.

அடுத்த விழாவிலும் தேநீர்ப் பொறுப்பை எனக்கே தாருங்கள். முதற் கோப்பையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.