பதின்மூன்றும் பத்தும்

பழைய கணினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம் என்று முன்வரும் நண்பர்களிடம் முதலில் கேட்கவேண்டியது, வரி முறிவுகளை என்ன செய்வீர்கள் என்பதே. எழுத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வரியைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு.

எழுத்துச் சிக்கல் நாமறிந்ததுதான். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல் கோப்பில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரண்டு குறியேற்றங்கள் வந்தன. இணையக் குழுக்களில் திஸ்கி புழங்கியது. திஸ்கியில் 'கெ' எழுதக் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் ககரம் முன்னால் வரும். இதில் பிசகினால் உடனே தெரிந்துவிடும். யூடிஎஃப்-8 கோப்பை மேலை ஐரோப்பியக் குறியேற்றமாகத் திறந்தால், தலையில் சாய்கோடிட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் அணிவகுத்து நிற்கும். கண்ணில் படும் பிழைக்கு நான் அஞ்சுவதில்லை.

வரி முறிவு தொலைந்தால் தெரியாது. தொலைதட்டச்சுப் பொறியில் அச்சு முனையை இடப்பக்கம் திருப்ப ஓர் ஆணை, தாளை ஒரு வரி மேலேற்ற இன்னோர் ஆணை: 13, 10. விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸுக்கு 10 போதும். 2001இல் எக்ஸ் பதிப்பு வரும்வரை மெக்கின்டாஷுக்கு 13 மட்டும். 10 மட்டுமே உள்ள கோப்பை விண்டோஸின் நோட்பேட் 2018 வரை ஒரே நெடுவரியாகத்தான் காட்டியது. அதைக் கண்டு பதறி, தமக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் எண்டர் தட்டி 'சரிசெய்தால்' கவிதை என்னவாகும்? மறுதலையாக, பதின்மூன்றையும் பத்தையும் தனித்தனி முறிவுகளாக எண்ணும் நிரல் வரிக்கு வரி ஒரு வெற்று வரியைச் செருகும். வெற்று வரிகளையெல்லாம் நீக்கும் அடுத்த நிரல், கவிஞர் பத்திகளுக்கிடையே விட்ட இடைவெளியையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

மரபுக் கவிதைக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. ஓலைச்சுவடியில் அடி பிரித்தா எழுதினார்கள்? புள்ளிகூட இடவில்லை. வெண்பாவை ஒரே வரியாக நீட்டினாலும், ஈற்றடிக்கு மூன்று சீர், மற்றவற்றுக்கு நான்கு என்று பிரித்துவிடலாம். அந்த வேலையை நிரலிடமே விடலாம். யாப்பு அங்கே காவல் நிற்கிறது. புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. வரி எங்கே முறிகிறது என்பது கவிஞரின் முடிவு. கோப்பில் அதற்கு 13, 10 என்ற எண்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவற்றை வெறும் வடிவமைப்பு என்று சொல்லும் தொழில்நுட்ப நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பாடம். பாடபேதம் என்று நாம் சுவடிகளில் தேடுவதற்கு நிகரானது.

ஆகவே மூலக் கோப்பை ஒரு பைட்கூட மாற்றாமல் தனியே வைக்கவேண்டும். எந்தக் குறியேற்றம், எந்த வரிமுடிவு என்பதைக் கூடவே எழுதிவைக்கவேண்டும். உரைநடையில் மின்னஞ்சல் காலத்து எழுபது எழுத்து வரிகளை ஒட்டவைக்கும் நிரலைக் கவிதைப் பக்கங்களின் மேல் ஓடவிடலாகாது. மாற்றிய பிறகு அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்புநோக்கவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் சிற்றிதழ்கள் பலவற்றுக்கு ஓரிரு பிரதிகளே யார் வீட்டுப் பரணிலோ எஞ்சியிருக்கின்றன. அவையும் செல்லரித்தபின் ஒப்பிட எதுவும் இராது.