ஊரைக் கூட்டித் திருத்தலாமா?

மதுவினால் கல்லீரல் கெட்டு நமது மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் குடும்பத்தார், வீடு திரும்பும் நாளன்று என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெரியவர்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசிவிடலாமா, டாக்டர்?" பேசத்தான் வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் முறையில் அல்ல என்பதே என் கருத்து.

வழக்கமான முறையை இதைப் படிக்கும் பலரும் கண்டிருப்பீர்கள். கோயில் திருவிழாவுக்கோ கருமாதிக்கோ உறவினர் கூடியிருக்கும் வேளையில், பெரியப்பா, தாய்மாமன், மைத்துனர்கள் என எல்லோரும் திண்ணையில் அமர, குடிப்பவர் நடுவில் குனிந்து உட்கார்ந்திருப்பார். அடகு வைத்த நகையிலிருந்து வரப்பில் விழுந்து கிடந்த இரவு வரை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். தாய் அழுவார். இறுதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள். அல்லது கோயிலில் கயிறு கட்டி அழைத்து வருவார்கள். பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லும் வீடுகளும் உண்டு.

அப்போது அவர் சொல்லும் "சரி" பெரும்பாலும் பொய்யன்று. மறுநாள் காலையில் அவருடைய உடல்தான் அதை ஏற்க மறுக்கிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் கொந்தளிக்கிறது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும். அந்நிலை உயிருக்கே ஆபத்தானது. நடுக்கம் தாங்காமல் அவர் மீண்டும் கடைக்கு நடக்கிறார். ஊர் அதைச் சத்தியத்தை மீறியதாகப் பார்க்கிறது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அப்பாவின் சத்தியம்தான் தன்னைப் பிடித்துவிட்டது என்று அது நம்பத் தொடங்குகிறது. பிள்ளையின் தலையில் சத்தியம் வாங்குவதை மட்டுமாவது அருள்கூர்ந்து கைவிடுங்கள். கார்த்திகையில் மாலை அணிவதற்காகக் குடியை ஒரே நாளில் நிறுத்துவோரும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும்; ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடிப்பவரைச் சுற்றமும் நட்பும் சூழ அமர்ந்து நேருக்கு நேர் பேசும் முறையை அமெரிக்காவில் பரப்பியவர் வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார். எல்லாம் இழந்து அடிமட்டத்தைத் தொட்டால்தான் ஒருவர் திருந்துவார் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அவர் காட்டியது நல்ல செய்திதான். ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஜான்சன் முறையில் 30 விழுக்காட்டினரே சிகிச்சைக்கு வந்தனர். குடும்பத்தார் தங்கள் மன அமைதிக்காகக் கூடும் அல்-அனான் வழியில் 13 விழுக்காடு. குடும்பத்தாருக்கே பயிற்சி அளித்த மூன்றாவது முறையிலோ 64 விழுக்காடு. ஜான்சன் முறை பின்தங்கியதற்கு முக்கியக் காரணம், பயிற்சி பெற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த நேருக்கு நேர் பேச்சை நடத்தத் துணியாமல் விட்டதே. மோதல் எவருக்கும் எளிதன்று.

மூன்றாவது முறை வெளியிலிருந்து பார்க்க மிகச் சாதாரணமானது. குடிக்காமல் வீட்டிலிருக்கும் மாலையில் அவருடன் சேர்ந்து உண்பதும் சிரித்துப் பேசுவதும்; குடித்து வந்தால் சண்டையின்றி விலகிவிடுவது. வேலைக்குப் போகாத நாளில் "அவருக்குக் காய்ச்சல்" என்று மனைவி பொய் சொல்வதில்லை. கடைக் கடனை அண்ணன் அடைப்பதில்லை. அவர் மனம் இளகும் தருணம் வரும்போது சிகிச்சைக்கான வழி தயாராக இருக்க வேண்டும்.

ஊருக்கு இதில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் டெல்டாவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடவாசல் பக்கத்திலுள்ள மஞ்சக்குடியில், அவ்வூர் இன்னும் தஞ்சை மாவட்டத்தில் இருந்த 1989ஆம் ஆண்டு முதல், மதுவுக்கு அடிமையானவர்களுக்கான முகாம்களை நடத்தியது. நோயாளிகளை நகரத்துக்கு அழைப்பதற்குப் பதிலாக மருத்துவக் குழு ஊருக்கு வந்தது. பதினைந்து நாள் சிகிச்சை, மனைவியருக்கும் ஆலோசனை, அதன்பின் தொடர் கவனிப்பு. இந்த அனுபவம் 1994இல் 'அடிக்ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் மஞ்சக்குடியின் பெயரையே தலைப்பில் தாங்கி வெளிவந்தது. அங்கே ஊர் நீதிபதியாக உட்காரவில்லை. சிகிச்சைக்கு இடம் கொடுத்தது. திரும்பி வந்தவருக்குத் துணை நின்றது. திண்ணைப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே பேச விரும்பும் குடும்பத்தார் முதலில் எங்களிடம் வாருங்கள். எந்த நாளில் சேர்ப்பது, யார் உடன் இருப்பது, வேலைக்கு என்ன ஏற்பாடு என்பவை முடிவான பிறகு பேசுங்கள். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளை போதும். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். மருமகன் முன்னிலையில் வேண்டாம். குழந்தைகள் முன்னிலையிலும் வேண்டாம். குடியை விட்டு மீண்ட பழைய நண்பர் ஒருவர் கிடைத்தால், பத்துப் பெரியவர்களை விட அவர் மேல். பழைய கணக்குகளைத் தோண்டாமல், அண்மையில் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லலாம்: "மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை காலையில உங்க கை நடுங்குனதுல டீ டம்ளர் நழுவுனத நான் பார்த்தேன். பயந்துட்டேன். நாளைக்கு டாக்டரப் பார்க்க நானும் கூட வர்றேன், வாங்க." இவ்வளவுதான். மறுத்தால் எழுந்துவிடுங்கள்; இன்னொரு காலை வரும். அவர் அடிக்கும் வழக்கமுள்ளவராயின் இந்த முயற்சியே வேண்டாம். பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள், உங்கள் பாதுகாப்பே முதன்மை.

சாம்பாரில் தெரியாமல் மாத்திரை கலப்பது பற்றியும் சொல்ல வேண்டும். டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து, அவரே அறிந்து, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொண்டால் பயன் தரும். அறியாமல் உண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். கல்லீரல் கெட்டவருக்கு அந்த மருந்தே கேடு செய்யும். ஆள் வைத்துத் தூக்கிச் சென்று ஏதோ ஒரு மையத்தில் பூட்டுவதும் அப்படியே. மது அடிமைநிலையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது; தன் சம்மதத்துடன் சேர்வதே அதன் பொது விதி. பெரும் ஆபத்துள்ள நிலையில் மட்டும், மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்த பின், முதலில் 30 நாள் வரை சேர்க்க இடமுண்டு. மனைவியின் கையெழுத்து மட்டும் அதற்குப் போதாது.

இந்த இதழை வார்டில் அவரது கட்டிலருகே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பீர்களானால், நீங்கள் தேடும் காலை வேளை இதுவாகவே இருக்கலாம். பல நாளாக மது இல்லாமல் இருக்கிறார், நடுக்கம் அடங்கியிருக்கிறது, வயிறு ஏன் வீங்கியது என்பதை அவரே கேட்டறிந்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். காலைச் சுற்றின்போது செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால், மனநல மருத்துவரையும் அழைத்துக்கொண்டு நான் வருகிறேன். வெளியூரில் இருப்போர் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலோ 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே அழைக்கலாம்.