விருப்பம் யாருடையது?

பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் நடந்ததற்கு அரசு சூட்டிய பெயர் விருப்ப ஓய்வு. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டம் நிரந்தர ஊழியரிடம் கேட்ட தகுதி ஒன்றே: 50 வயது நிறைந்திருக்க வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று 78,569 பேர் வெளியேறினர். ஏறத்தாழப் பாதி நிறுவனம் ஒரே நாளில் காலியாயிற்று.

இத்தனை பேருக்கும் ஒருசேர ஓய்வில் நாட்டம் பிறந்தது எவ்வாறு? 2019 பிப்ரவரி ஊதியமே உரிய நாளில் வரவில்லை, பின்னரும் தவறியது. ஓய்வு வயது 58 ஆகக் குறையும், விண்ணப்பிக்காதோர் தொலைதூரத்திற்கு மாற்றப்படுவர் என்று அதிகாரிகளே அச்சுறுத்தியதாகச் சங்கங்கள் குற்றஞ்சாட்டின. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் சுமப்பவர் அந்நிலையில் இடும் கையெழுத்தை விருப்பம் என்று கூறும் அகராதி எது?

ஊதியச் சுமையே நட்டத்திற்குக் காரணமாம்! தனியார் நிறுவனங்கள் 4ஜி சேவையில் கொழித்தபோது, பொதுத்துறைக்கு உரிய அலைக்கற்றையை ஒதுக்காமல் காலம் கடத்தியவர்கள் யார்? பழி மட்டும், கம்பம் ஏறியும் கேபிள் பதித்தும் அந்த வலைப்பின்னலை உருவாக்கியோர் தலையில் விழுந்தது.

பெயரில் சூழ்ச்சி உண்டு. அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஆட்குறைப்பை வரையறுத்தபோது விருப்ப ஓய்வை விலக்கிவிட்டிருந்தது. விருப்பம் என்று எழுதிவிட்டால் ஆட்குறைப்புக்கான முன் அனுமதி தேவையில்லை. அரசமைப்பின் 16ஆம் பிரிவு விலக்கும் பாகுபாடுகளின் பட்டியலிலும் வயது இல்லை. வயதை அளவுகோலாக்கி ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றும் எந்தத் திட்டமும் ஆட்குறைப்பாகவே கருதப்பட வேண்டும் என்பதைத் தொழிற்சங்க இயக்கம் முதன்மைக் கோரிக்கையாக முன்வைத்தாக வேண்டும்.