பேய்களிடமா நீதி கேட்பது?

பேய்ப்படம் என்றதும் முகம் சுளிக்கிறார் பகுத்தறிவுத் தோழர். பாழடைந்த மாளிகை, கிறீச்சிடும் கதவு, வெள்ளாடை உடுத்த உருவம், முடிவில் பாதிரியார் சிலுவையை நீட்டியதும் யாவும் அடங்கிவிடும் அற்புதம்! இவற்றைக் கண்டு சுளித்த முகம், குறை கூறுவதற்கில்லை. ஆனால் 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி ஹூட்' படத்தையும் அதே குப்பையில் வீசினால், பார்க்காமலே தீர்ப்புக் கூறிய பழி நம்மைச் சாரும்.

ரஸ்டி கண்டீஃப் எனும் கறுப்பினக் கலைஞர், டேரின் ஸ்காட்டுடன் சேர்ந்து எழுதி இயக்கிய சிறு முதலீட்டுப் படம் அது. போதைப்பொருள் தேடிச் சவ அடக்க நிலையத்துக்கு வரும் மூன்று இளைஞர்களுக்கு, அங்குள்ள சிம்ஸ் என்பார் பிணங்களின் கதைகளைக் கூறுகிறார். கதைகள் நான்கு.

இரண்டாவது கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியத் தொழிலில் இருப்பதால் என்னை உலுக்கிய கதை. உடம்பெல்லாம் காயத்தோடு பள்ளிக்கு வருகிறான் சிறுவன் வால்ட்டர். "அரக்கன் அடிக்கிறான்" என்கிறான். மூடநம்பிக்கையாளன் தாயத்துக் கட்டுவான். நாமோ? "அரக்கனாவது, பூதமாவது! போய் உட்கார்" என்போம். இருவருமே அந்தப் பிள்ளையைக் கைவிட்டவர்கள் அல்லவா? தாயுடன் வாழும் கார்ல் என்பவன்தான் அந்த அரக்கன்! வீடு தேடிச் சென்று பார்க்கும் ஆசிரியருக்கே அது விளங்குகிறது. பேய் இல்லை என்று சொல்வது எளிது. குழந்தை எதற்குப் பேய் என்று பெயரிட்டது என ஆராய்வதன்றோ பகுத்தறிவு! ஆனால் அக்கதையும் எப்படி முடிகிறது? சிறுவன், தான் வரைந்த அரக்கனின் படத்தைக் கசக்குகிறான். கார்லின் உடல் முறிகிறது. மாயம்!

இங்கேதான் என் சண்டை.

முதற்கதையில், காவலரின் ஊழலை எதிர்த்த கறுப்பினத் தலைவரை வெள்ளைக் காவலர் கொல்கின்றனர். கண்டிருந்த கறுப்பினக் காவலன் வாய் திறவாமல் பதவி துறந்து குடியில் வீழ்கிறான். செத்தவர் கல்லறையிலிருந்து எழுந்து பழி தீர்க்கிறார். பின் அவனையும் நோக்கி, ஏன் உதவவில்லை என்று கேட்கிறார். சரியான கேள்வி! ஆனால் பிணம் வந்தா கேட்க வேண்டும்? 1991-இல் லாஸ் ஏஞ்சல்சில் ராட்னி கிங்கைக் காவலர் அடித்து நொறுக்கியதை, மாடி முகப்பில் நின்ற ஒருவர் வீடியோவில் பிடித்தார். 1992-இல் ஜூரிகள் ஒருவரையும் தண்டிக்கவில்லை. நகரம் எரிந்தது, 60 பேருக்கு மேல் மாண்டனர். 1993-இல் கூட்டரசு வழக்கில் இருவர் குற்றவாளிகளாயினர். போதாத நீதிதான், எனினும் அதைக் கொணர்ந்தது கல்லறையன்று.

மூன்றாம் கதையில், கவர்னர் பதவிக்குப் போட்டியிடும் முன்னாள் கூ க்ளக்ஸ் க்ளான் வெறியன் டியூக் மெட்கரை, அடிமைகளின் உயிர் புகுந்த பொம்மைகள் கொல்கின்றன. அரங்கம் கைதட்டும். மெய்யான டேவிட் டியூக், அதே க்ளானின் முன்னாள் தலைவன், 1991-இல் லூசியானா கவர்னர் தேர்தலில் 6 லட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றான்! அவனை வீழ்த்தியவை பொம்மைகளா? வரிசையில் நின்று மக்கள் இட்ட வாக்குச் சீட்டுகள்!

நான்காம் கதைக்கு மட்டும் என் வணக்கம். கறுப்பரையே சுட்டுத் தள்ளிய இளைஞனுக்கு, மரங்களில் தூக்கிக் கொல்லப்பட்ட கறுப்பரின் மெய்யான நிழற்படங்களைக் காட்டி, அந்தக் கயிற்றின் வேலையைத்தானே உன் துப்பாக்கி செய்கிறது என வினவுகிறது படம். தன் இனத்தாரையே இடித்துரைக்கும் நெஞ்சுரம்!

அந்த உரத்தைக் கடைசிக் காட்சியில் கொட்டிக் கவிழ்க்கிறார் இயக்குநர். சிம்ஸ் சாத்தானாம், மூன்று இளைஞரும் முன்னமே செத்தவராம், வந்து சேர்ந்த இடம் நரகமாம்! கோவில் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே நெருப்பு! அந்தப் பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைத் திணித்தவன் யார், போதைப்பொருளை அவர்கள் தெருவுக்கு அனுப்பிக் காசு பார்த்தவன் யார் என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், சாத்தான் சிரிக்கிறான், படம் முடிகிறது.