குளவி செய்யும் வேலை

பொன்முடி அடிவாரத்தில், விதுரா, கல்லாறு பக்கம், அநேக வீட்டுக் கொல்லைகளில் ஒரு பப்பாளியாவது நிற்கும். இலையடியில் பஞ்சுபோல் வெள்ளை படர்ந்து, காயெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு சாரைசாரையாக ஏறினால் அது மாவுப்பூச்சி. உடனே கடைக்காரர் தரும் காட்டமான மருந்தை அடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகத் தோட்டங்களைச் சூறையாடியபோது மருந்துகள் திணறின; மேலிருக்கும் மெழுகுப் பூச்சைத் தாண்டி அவை எளிதில் இறங்குவதில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற பொடிக் குளவிதான் அதை அடக்கியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். நாம் அடிக்கும் விஷம் அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறது. நாலு மரம் வைத்திருப்பவருக்கு எதற்கு இந்த வம்பு? தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். எறும்பு ஏறும் வழியை மறியுங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பதே எறும்புதான். மிஞ்சிப்போனால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதுகூட வேண்டாம், பூச்சியில் பாதியை மழையே கழுவிவிடும்.