வாங்குவதற்கும் ஒருவர் வேண்டும்

தென்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிறிய கம்பெனி ஒன்றில் தொண்ணூறுகளில் வாங்கிய பங்குப் பத்திரங்களை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறார். மகள் திருமணத்தின்போது விற்கப் பார்த்தார். வாங்க ஆள் இல்லை. கைமாற்று வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார்.

வணிகப் பெருமக்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மொத்த வியாபாரி தம் முதலைப் போட்டுச் சரக்கை இருப்பு வைக்கிறார். கொண்டுவருபவரிடம் ஒரு விலைக்கு வாங்கி, கேட்பவருக்குச் சற்றுக் கூட்டி விற்கிறார். அவரை நம்பித்தான் சந்தை நடக்கிறது. பங்குச் சந்தையில் இதே வேலையைச் செய்பவருக்கு மார்க்கெட் மேக்கர் என்று பெயர். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சொல்லி, சொன்ன விலைக்கு வியாபாரம் செய்வது அவர் கடமை.

சிறு கம்பெனிகளுக்காக நம் நாட்டில் ஓ.டி.சி. எக்ஸ்சேஞ்ச் 1990இல் நிறுவப்பட்டு, 1992இல் வியாபாரத்தைத் தொடங்கியது. யூனிட் டிரஸ்ட், ஐ.சி.ஐ.சி.ஐ., ஐ.டி.பி.ஐ. போன்ற பெரிய நிறுவனங்கள் அதற்குப் பின்னால் நின்றன. அமெரிக்காவின் நாஸ்டாக்தான் முன்மாதிரி. மார்க்கெட் மேக்கர் கட்டாயம் என்றும் விதி இருந்தது. ஆனால் வியாபாரம் பெருகவில்லை. 1994இல் தேசியப் பங்குச் சந்தையும் வந்துவிட்டது. 2015இல் ஓ.டி.சி. அங்கீகாரத்தை இழந்தது.

நம் பக்கத்துச் சந்தைகளும் தப்பவில்லை. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வியாபாரம் இல்லாத சந்தைகள் விலக வேண்டும் என்று 2012இல் செபி வழி வகுத்தது. 1991இல் தொடங்கிய கோயம்புத்தூர் சந்தை 2013இலும், சென்னைச் சந்தை 2015இலும் விலகின.

விதி போட்டால் மட்டும் மண்டிக்காரர் வந்துவிடுவாரா? சரக்கு நகராவிட்டால் முதல் முடங்கும். முடங்கும் பயத்தில் அவர் வாங்கும் விலையைக் குறைப்பார், விற்கும் விலையைக் கூட்டுவார். அதைப் பார்த்து வாடிக்கையாளர் ஓடுவார். பிறகு வியாபாரம் இன்னும் சுருங்கும்.

2012 முதல் மும்பைச் சந்தையும் தேசியச் சந்தையும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்குத் தனிப் பிரிவு நடத்துகின்றன. அங்கே குறைந்தது மூன்று ஆண்டுகள் மார்க்கெட் மேக்கர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் மனமொப்பி நிலைக்க மூன்று வசதிகள் தேவை என்பது நமது கருத்து. சந்தைக் கட்டணத்தில் சலுகை வேண்டும். இருப்பு வைக்கக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். கம்பெனியின் கணக்கு உரிய காலத்தில் ஒளிவுமறைவின்றி வெளிவர வேண்டும். உள்ளே இருப்பது தெரியாத மூட்டைக்கு யார் விலை சொல்வார்? ஒரு பங்குக்கு ஒருவரே இராமல் இருவர் மூவர் போட்டியிட்டால்தான் விலையும் நியாயமாக இருக்கும்.

சிறு கம்பெனிப் பங்குகளில் பணம் போட நினைக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை ஏறுமா என்று கேட்கும் முன், நான் விற்க வரும் நாளில் வாங்க யார் இருப்பார், எத்தனை நாள் இருப்பார் என்று கேளுங்கள். கடைக்குச் சரக்கு எடுக்கும்போது கேட்பதை, பங்கு வாங்கும்போது மட்டும் ஏன் மறக்க வேண்டும்?